மஞ்சள் காரும் சிவப்புப் பொட்டும்

"நேத்து ஒரு போமன் என் காரை ஒரே திருகுல சரி பண்ணி, காசு வேணாம்னு சொல்லி, என்னை நல்லாத் திட்டி, மடியில ரெண்டு டுரியான் பழத்தையும் வெச்சு வீட்டுக்கு அனுப்பினா."

பஹாரும் என்கிற பெரியவர் இதைச் சொன்னபோது பட்டர்வொர்த் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. மேலே போன ரொட்டி கீழே வர மறந்து மின்விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் தே தாரிக் தேநீரை மீசைக்கு ஊட்டினார். அந்தக் கடையில் எத்தனையோ கதைகள் ஓடியிருக்கின்றன. முதலையோடு மல்லுக்கட்டிய கதை, பினாங்குப் பாலத்தில் பேய் லிஃப்ட் கேட்ட கதை எல்லாவற்றையும் நம்பித் தலையாட்டிய கூட்டம்தான் அது. ஆனால் கார் ரிப்பேர் பண்ணும் போமன் ஒருத்தி காசு வாங்கவில்லை என்றதும் அத்தனை பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வயதான மனிதர், மூளை கொஞ்சம் கலங்கியிருக்கலாம், முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது என்கிற மரியாதை.

எதிரில் உட்கார்ந்திருந்த ஹுவாட்டுக்கு அந்த மரியாதை கிடையாது. தியோ கெங் ஹுவாட், பஹாருமின் பால்ய சிநேகிதர், மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விபத்துக் கோரிக்கைகளைத் துருவி விசாரித்து ஓய்வு பெற்றவர். தன் காரை யானை மிதித்துவிட்டது என்று ஒருவர் வந்து அழுதபோது, யானையின் கால் அளவைக் கொண்டுவரச் சொன்னவர். சொந்த மனைவி தும்மினால்கூட இரண்டாவது தும்மலுக்காகக் காத்திருந்துதான் நம்புவார்.

"டுரியான் வரைக்கும் சரி" என்றார் ஹுவாட், அவித்த முட்டையை உடைத்தபடி. "இது சீசன். கடையில வாங்கியிருப்பே. மத்ததெல்லாம் உன் சொந்தச் சரக்கு."

பஹாரும் சிரித்தார். இந்த ஒரு மனிதரை நம்பவைத்தால்தான் கார் தன் கையில் நிற்கும். இல்லாவிட்டால் மத்தியானம் சுங்கை பெத்தானியிலிருந்து காரை வாங்கும் ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழுத்த மாம்பழ நிறத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்து வைக்கக்கூடிய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். விளக்குகள் மூடிக்குள் உறங்கும். விசையைத் தட்டினால் விழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். அந்தக் கார் தெருவில் போனால் கோழிகள்கூட ஓரமாய் நின்று பார்க்கும் என்று பஹாரும் சொல்வார். சுங்க இலாகாவில் காலமெல்லாம் அடுத்தவர் பெட்டியைக் கிளறிய மனிதருக்கு, ஓய்வு பெற்றதும் தனக்கென்று ஒரு பெட்டி வேண்டும் போலிருந்தது. சக்கரம் வைத்த பெட்டி. வீட்டிலிருந்த விசாலமான பழைய காரை விற்று இதை வாங்கினார். வாங்கிய பிறகுதான் மனைவி ரொஹாயாவிடம் சொன்னார்.

ரொஹாயா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, புருஷனை மலாய் வழக்கப்படி 'பாங்' என்று கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பாங், அரிசி மூட்டையை எங்க வைக்கிறது?"

"உன் மடியில."

அன்றைக்கு இரவு பஹாருமுக்குச் சோறு கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது சுலபம். அதைத் தொட்டுப் பார்க்க நம்பகமான ஒரு போமனைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. விலையுயர்ந்த பொம்மையோடு விவரம் தெரியாத கிழவன் வந்திருக்கிறான் என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். இது தெரியாதவரா பஹாரும்? கார் வீட்டுக்கு வந்த அன்று மாலையே பாயை விரித்துக்கொண்டு அதன் அடியில் புகுந்தார். மகள் அம்மாவுக்குப் பரிசாக வாங்கி வந்து, ரொஹாயா ஒருநாளும் போட்டுக்கொள்ளாத சிவப்பு நகப்பூச்சு ஒரு குப்பி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், கைக்கு எட்டிய நட்டு, போல்ட்டு எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். எவனாவது கழற்றிவிட்டேன், மாற்றிவிட்டேன் என்று பொய் சொன்னால் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும். வெளியே வந்தபோது கார் கல்யாணப் பெண் போலவும் அவர் வெட்டுப்பட்ட ஆள் போலவும் இருந்ததாக ரொஹாயா பிறகு சொன்னாள்.

வாங்கிய வாரத்திலேயே கார் பேசத் தொடங்கியது. இடப்பக்கம் வளைத்தால் 'கடக்'. மேடு ஏறி இறங்கினால் 'கடக் கடக்'. முதல் பட்டறைக்காரன் முன்பக்க அப்சார்பர் போய்விட்டது என்றான். மாற்றினான். கடக். இரண்டாவது ஆள் ஸ்டியரிங் கோளாறு என்றான். அதையும் பிரித்து மேய்ந்தான். கடக். மூன்றாவது ஆள் இஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் என்றான். நான்காவது ஆள் நல்ல மனிதன், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னான். இன்னும் இரண்டு இடம் ஏறி இறங்கியிருந்தால் காரில் பழையது என்று நம்பர் தகடு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் பஹாரும் வீட்டுக்கு வந்து அடியில் புகுந்து பார்ப்பார். மாற்றிய சாமான்களைச் சுற்றி இருந்த சில பொட்டுகள் போயிருக்கும். மற்றவையெல்லாம் குங்குமம் வைத்தது போல அப்படியே சிரிக்கும். எல்லாவற்றையும் சோதித்தேன் என்று சொன்னானே, இதைத் தொடவே இல்லையே என்று மறுநாள் போய்ச் சண்டை பிடிப்பார். கொஞ்ச நாளில் செபராங் பிறை முழுக்கப் பேர் பரவிவிட்டது. மஞ்சள் கார் தெருமுனையில் திரும்பினால் பட்டறைகளின் ஷட்டர்கள் வரிசையாக இறங்கும். சில பட்டறைகளில் பொது விடுமுறைகூட அறிவித்தார்கள்.

பொறுமை உடைந்தது ரொஹாயாவுக்குத்தான். தங்கை வீட்டுக் கல்யாண விருந்துக்கு இருவரும் காரில் போய் இறங்கும்போது, வாசல் மேட்டில் சக்கரம் ஏறி ஒரு பெரிய 'கடக்' விழுந்தது. பந்தலுக்குள் எல்லாரும் திரும்பினார்கள். பாத்திரக்காரர் ஓடிவந்து எத்தனை தட்டு உடைந்தது என்று கேட்டார். ரொஹாயா அன்றே சுங்கை பெத்தானி ஆளிடம் பேசி முடித்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் வந்து காரை எடுத்துக்கொள்ளட்டும். அதற்குள் சத்தம் நின்றால் பேச்சு ரத்து. இன்னொரு நிபந்தனையும் உண்டு. மறுபடி ஒரு பெரிய பில்லை ஒளித்து வைத்துக்கொண்டு வந்து அசடு வழியக் கூடாது.

பஹாரும் தூக்கமில்லாமல் அலைந்தார். வியாழக்கிழமை புக்கிட் மெர்தாஜாம் சந்தை வாசலில், தன் காரைப் போலவே ஒரு கார், தன்னுடையதைவிடப் பழையது, பூனை போலச் சத்தமில்லாமல் வந்து நிற்பதைக் கண்டார். அதன் பக்கத்திலேயே காவல் நின்றார். சொந்தக்காரி ஒரு பல் டாக்டர். போமன் யார் என்று கேட்டதும் அந்த அம்மாள் மீன் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நல்ல போமனின் முகவரியை யாராவது சொல்வார்களா? கூட்டம் சேர்ந்தால் தன் முறை தள்ளிப்போகுமே. பஹாரும் மீன் பையை வாங்கிச் சுமந்தார். காய்கறிப் பையையும் சுமந்தார். தன் கடைவாய்ப் பல் இரண்டையும் அவளிடமே பிடுங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். பிறகுதான் முகவரி வந்தது.

ஊய் சியூ கிம். நாற்பதைத் தாண்டிய பெண். முறம் போல உள்ளங்கை, ரம்பம் போல வாய். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் சொந்தக் காரை வாங்கியதற்காக முதலில் திட்டு வாங்குவார்கள். பிறகுதான் வேலை. வெள்ளிக்கிழமை பஹாரும் போய் நின்றதும், நாலு பட்டறை ஏறின கதையைக் கேட்டு, அவரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளோ என்று பஹாரும் சந்தேகப்பட்டார். முதல் திருப்பத்திலேயே 'கடக்' விழுந்தது. "போதும், திருப்புங்க" என்றாள்.

காரைத் தூக்கி நிறுத்தி விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் போனவள் ஒவ்வொரு பொட்டாக விளக்கைக் காட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், யாரு இந்தப் பொட்டெல்லாம் வெச்சது?"

"நான்தான்" என்றார் பஹாரும், மார்பு விரிய. "எவனும் என்னை ஏமாத்தக் கூடாதுன்னு."

சியூ கிம் ஸ்பேனரை எடுத்தாள். இடப்பக்கச் சக்கரத்துக்குப் பின்னால், பொட்டு வைத்த ஒரு நட்டில் மாட்டினாள். அது பிறந்த நாளிலிருந்து இதற்காகவே காத்திருந்தது போல லொடலொடவென்று ஆடியது. அவள் அதை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"சுங்கத்துல."

"பெட்டியைத் திறந்து பாத்துட்டு சாக்பீஸ்ல கோடு போடுவீங்களா?"

"போடுவோம். எங்க காலத்துல அப்படித்தான்."

"கோடு போட்ட பெட்டியை அடுத்த ஆபீசர் மறுபடி திறப்பாரா?"

"எதுக்குத் திறக்கணும்? அதான் முதல் ஆளு பாத்து முடிச்..." பஹாருமின் வாய் திறந்தபடியே நின்றது. ஒரு ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்திருக்கும்.

"நாங்களும் நட்டை முழுசா இறுக்கி முடிச்சதும் மேல ஒரு புள்ளி வைப்போம் அங்கிள். இறுக்கியாச்சு, யாரும் தொடாதேன்னு அர்த்தம். நீங்க லூசா இருந்த நட்டுக்கும் பொட்டு வெச்சு சீமந்தம் பண்ணி அனுப்பியிருக்கீங்க. எந்தப் போமன் தொடுவான்? பாவம், நாலு பேரும் வேற இடத்துல தேடித் தேடிச் செத்திருப்பாங்க."

நட்டை ஒரு திருகு திருகினாள். அவ்வளவுதான். பிறகு ஒரு துணியும் கரைப்பானும் கொடுத்து, மிச்சமிருக்கும் பொட்டு அத்தனையையும் அவரையே துடைக்கச் சொன்னாள். பஹாரும் தலைக்கு மேலே தூக்கிய காரின் அடியில், பாவமன்னிப்புக் கேட்பவர் போலக் கையை உயர்த்தித் துடைத்துக்கொண்டிருக்க, அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டபடி, விட்டுப்போன இடங்களைக் கரண்டியால் சுட்டிக் காட்டினாள். துடைத்து முடித்ததும் ஒவ்வொரு நட்டையும் தானே இறுக்கிப் பார்த்து, தன் வெள்ளைப் புள்ளியை வைத்தாள். எவ்வளவு என்று பஹாரும் கேட்டதும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. ஒரு நட்டைத் திருகியதற்கு எந்தக் கணக்கில் பில் எழுதுவது, இடத்தைக் காலி பண்ணுங்கள், போகும்போது இதையும் கொண்டு போங்கள், தோட்டக்காரர் கொட்டிவிட்டுப் போனது என் பூனைகளுக்குப் பிடிக்கவில்லை என்று இரண்டு டுரியானைத் தூக்கி மடியில் வைத்தாள். முள் குத்திய இடத்தில் பஹாரும் வீடுவரை நெளிந்துகொண்டேதான் ஓட்டினார். ஆனால் கார் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் ரொஹாயா டுரியானைச் சாப்பிட்டாள். கதையைச் சாப்பிட மறுத்தாள். சத்தம் நின்றதாக இவர் சொல்வார், நாளைக்கு மறுபடி வரும். காசு கொடுக்கவில்லை என்பார், அடுத்த மாதம் பில் வரும். "ஹுவாட் அண்ணன் கார்ல ஏறிப் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றாள் முடிவாக. "உங்களுக்கு ஒரு நாளும் ஆமாம் போடாத ஆளு அவர் ஒருத்தர்தான்."

அதனால்தான் சனிக்கிழமை காலை இந்த மாமாக் கடைக் கச்சேரி. பஹாரும் எல்லாவற்றையும் சொன்னார். பொட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது ஹுவாட்டின் காதில் விழுந்தால் தன் மையத்து ஊர்வலத்தில்கூட நின்று சிரிப்பார் என்று அவருக்குத் தெரியும்.

ஹுவாட் காரில் ஏறியது தனிக் கதை. ஆள் அகலம். முதலில் ஒரு காலை விட்டு, பிறகு வயிற்றை மடித்து, தலையை உள்ளே வாங்கி ஒருவழியாக உட்கார்ந்தபோது கார் இடப்பக்கம் சாய்ந்து பெருமூச்சு விட்டது. ஊரில் எங்கெங்கே மேடு பள்ளம் உண்டோ அங்கெல்லாம் ஓட்டச் சொன்னார். பள்ளிக்கூட வாசல் மேடு, ரயில் தண்டவாளம், மழை தோண்டிய குழிகள். எருமைகள் குளிக்கத் தகுந்த ஒரு குழியில் கார் இறங்கி ஏறியது. ஹுவாட்டின் கட்டுப்பல் மட்டும்தான் சத்தம் போட்டது.

"சத்தம் இல்ல" என்றார் ஹுவாட் கடைசியில். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வர, பிரசவம் போல நேரம் பிடித்தது. "ஆனா அது பாதிதான். காசு வாங்காம பண்ணாங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். எங்கயோ பெரிய பில் கட்டிட்டு வந்து கதை விடுற. அந்தப் பொம்பளை இருக்காங்கறதே சந்தேகம். கூட்டிட்டுப் போ. நானே கேக்கறேன்."

பஹாருமின் கால் பிரேக்கின் மேல் போய்விட்டது. சியூ கிம்மின் வாய் எப்படிப்பட்டது என்று அவருக்குத்தான் தெரியும். கூட்டிப் போனால் பொட்டு வெளியே வந்துவிடும். கூட்டிப் போகாவிட்டால் கார் போய்விடும். சாலை ஓரத்தில் நிறுத்தி யோசித்தார். காரின் மஞ்சள் மூக்கு வெயிலில் மினுக்கியது. ஒரு தாயும் குழந்தையும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். குழந்தை கையசைத்தது, அவருக்கு அல்ல, காருக்கு.

"என்ன பஹாரும், வழி மறந்துபோச்சா?" ஹுவாட் குரலில் விசாரணை அதிகாரி எழுந்து உட்கார்ந்தார்.

பஹாரும் கியரைப் போட்டு புக்கிட் மெர்தாஜாம் பக்கம் திருப்பினார்.

பட்டறையில் ஹுவாட் தன் பழைய தொழிலைக் கையில் எடுத்தார். இந்தக் காரைத் தான் வாங்கப் போவதாகவும், இடப்பக்கம் ஏதோ சத்தம் கேட்பதாகவும், செலவைப் பற்றிக் கவலையில்லை, எல்லாவற்றையும் மாற்றிவிடும்படியும் சொன்னார். சியூ கிம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பஹாருமை இறங்கச் சொல்லிவிட்டு அவளே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஹுவாட்டோடு ஒரு சுற்றுப் போய் வந்து இறங்கினாள்.

"சத்தம் கார்ல இல்ல பாஸ். உங்க முட்டியில. ஏறும்போதும் இறங்கும்போதும் கேட்டுச்சு. அதுக்கு என்கிட்ட சாமான் கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஹுவாட் அசரவில்லை. நேற்று இந்த ஆளிடம் எவ்வளவு வாங்கினாய் என்று நேராகவே கேட்டார்.

"இவர்கிட்டயா? இவரைத் திட்டினதுக்குத் தனியா வாங்கியிருக்கணும், விட்டுட்டேன்" என்றாள் சியூ கிம். "ஒரு நட்டு. அதை இறுக்கறதுக்கு முன்னாடியே இறுக்கியாச்சுன்னு அடையாளம் வெச்சு, ஊர் போமனையெல்லாம் அலைய விட்ட மகராசன். எதை வெச்சு அடையாளம் போட்டாருன்னு அவரையே கேளுங்க."

ஹுவாட் திரும்பினார். பஹாரும் கூரையில் ஒட்டடையை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எதை வெச்சு?"

"நகப்பூச்சு" என்றார் பஹாரும், ஒட்டடையிடம்.

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். ஹுவாட் சிரித்த சிரிப்பில் மேலே தொங்கிய விளக்கு ஆடியது, பூனைகள் அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தன, பக்கத்துப் பட்டறையில் ஒரு டயர் தானாகக் காற்று இழந்தது. சுவரைப் பிடித்து, பிறகு தூணைப் பிடித்து, கடைசியில் பஹாருமின் தோளையே பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலு பட்டறைக்காரர்களையும் நேரில் பார்த்துத் தன் செலவில் தே தாரிக் வாங்கிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். பஹாரும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுங்கை பெத்தானி ஆள் கிளம்பியிருப்பான்.

"சிரிச்சு முடிச்சிட்டியா?" என்றார். "முடிச்சா ரொஹாயாவுக்குப் போன் போடு."

ஹுவாட் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். மறுமுனையில் ரொஹாயாவின் குரல் கேட்டதும் முகம் பழைய விசாரணை முகமாக இறுகியது. பொய் சொல்லமாட்டார், அது பஹாருமுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னாலும் அதோடு பொட்டின் கதையையும் சேர்ப்பாரோ என்று தெரியாமல் பஹாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காக் ரொஹாயா," அக்கா என்கிற மரியாதையோடு தொடங்கினார், "நான் ஹுவாட். எல்லா மேட்டுலயும் ஏறி இறங்கியாச்சு."

"சத்தம்?"

"இல்ல."

"காசு?"

ஹுவாட் சியூ கிம்மைப் பார்த்தார். அவள் அடுத்த காரின் சொந்தக்காரரைத் திட்டத் தொடங்கியிருந்தாள். பஹாருமைப் பார்த்தார். காலமெல்லாம் யாருக்கும் கொடுத்துப் பழகாத ஒன்றைக் கொடுக்கப் போகிறவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு சென் காசும் வாங்கல காக். சுங்கை பெத்தானி ஆளை வர வேணாம்னு சொல்லிடுங்க. உங்க வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் நடந்துதான் இருக்கு. திட்டு வாங்கினது உட்பட."